மீனைக் காத்த மெல்லிய உறை

ஜொகூர் மாநிலத்தின் மெர்சிங் கடற்கரையில் கரையேறும் மீன், பல நாள்களுக்குப் பின்னரும் கெடாமல் ஜொகூர் பாருவிலுள்ள பேரங்காடியில் விற்பனைக்குக் கிடைக்கிறது. உறைந்த அம்மீனைச் சமைத்து உண்ணும்போது அதன் சுவை பெரிதும் குன்றுவதில்லை. இதற்குக் குளிர் மட்டும் காரணமன்று. மீனைப் பொதிந்துள்ள உறையும் ஒரு காரணமாகும். இவ்விரண்டையும் இணைத்து, உணவை விரைவாக உறையவைக்கும் தொழிலுக்கு அடித்தளமிட்டவர் கிளேரன்ஸ் பேர்ட்சை ஆவார்.

பேர்ட்சை 1886ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் நகரிலுள்ள புரூக்ளினில் பிறந்தார். இளமையிலேயே விலங்குகளையும் தாவரங்களையும் உற்றுநோக்குவதில் அவருக்குப் பேரார்வம் இருந்தது. ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் சேர்ந்த அவர், பணப் பற்றாக்குறையால் படிப்பைப் பாதியிலேயே கைவிட்டார். பின்னர், அரசாங்கத்தின் உயிரியல் ஆய்வுப் பணியில் சேர்ந்தார்.

1912ஆம் ஆண்டு அவர் விலங்குத்தோல் வணிகத்திற்காக, இன்று கனடாவின் ஒரு பகுதியாக விளங்கும் லாப்ரடோருக்குச் சென்றார். அங்கு வாழ்ந்த இனுயிட் மக்கள் பனிக்கட்டியில் துளையிட்டு மீன் பிடித்தனர். கடுங்குளிர்க் காற்றுப் பட்டவுடன் அம்மீன் உறைந்துபோனது. பல மாதங்களுக்குப் பின்னர் சமைத்தபோதும் அது புதிய மீனைப் போலவே சுவைத்தது. இதற்கான காரணத்தைப் பேர்ட்சை ஆராய்ந்தார். மீன் மெதுவாக உறையும்போது அதன் தசையில் பெரிய பனிப்படிகங்கள் உண்டாகி உயிரணுக்களைக் கிழிக்கின்றன. அதனால், பனி உருகும்போது நீர் வடிந்து தசை குழைந்துவிடுகிறது. விரைவாக உறையும்போதோ படிகங்கள் மிகச் சிறியனவாக இருப்பதால் தசைக்குச் சேதம் குறைகிறது. இனுயிட் மக்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வந்த முறையில் இந்த அறிவியல் அடங்கியிருந்தது.

நாடு திரும்பிய பேர்ட்சை, மின்விசிறி, உப்புநீர், பனிக்கட்டி போன்ற எளிய பொருள்களைக் கொண்டு சோதனைகளைத் தொடங்கினார். 1923ஆம் ஆண்டு நியூயார்க்கில் உறைந்த மீன் விற்கும் நிறுவனத்தை நிறுவினார். உறைந்த மீன் என்றாலே தரமற்றது என்று மக்கள் எண்ணிய காலம் அது. மறு ஆண்டே அந்நிறுவனம் நொடித்துப்போனது. எனினும், பேர்ட்சை மனந்தளரவில்லை. தம் ஆயுள் காப்புறுதியின் பேரில் கடன் பெற்று, பங்காளிகளின் துணையுடன் குளோசெஸ்டர் எனும் மீன்பிடித் துறைமுக நகரில் மீண்டும் தொழிலைத் தொடங்கினார்.

அங்குதான் அவரது முறை முழுமை பெற்றது. மீனை உறையவைத்த பின்னர்ப் பொதியாமல், முதலில் மெழுகு பூசிய அட்டைப் பெட்டியில் தட்டையாக அடைத்தார். பின்னர், அப்பெட்டியைக் கடுங்குளிர் ஊட்டப்பட்ட இரண்டு உலோகத் தகடுகளுக்கிடையே அழுத்தி உறையவைத்தார். ஆயினும், வேறொரு சிக்கல் இருந்தது. உறைந்த மீனிலுள்ள ஈரம் மெல்ல ஆவியாக வெளியேறினால் மீன் காய்ந்து நிறம் மாறிவிடும். இதனைத் தடுக்க, ஈரத்தை வெளிவிடாத செல்லோபேன் தாள் உதவியது. மரத்தின் செல்லுலோசிலிருந்து செல்லோபேனை உருவாக்கியவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஜாக் பிராண்டன்பெர்கர். 1927ஆம் ஆண்டு அமெரிக்காவின் டூபோன்ட் நிறுவனத்தினர் அதன்மீது மெல்லிய பூச்சிட்டு, ஈரத்தைத் தடுக்கும் ஆற்றலை அளித்தனர்.

1929ஆம் ஆண்டு பேர்ட்சையின் நிறுவனமும் காப்புரிமைகளும் 22 மில்லியன் டாலருக்கு விற்கப்பட்டன. மறு ஆண்டு மார்ச் 6ஆம் நாள் ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலுள்ள 18 கடைகளில் உறைந்த மீன், இறைச்சி, காய்கறி ஆகியவை விற்பனைக்கு வைக்கப்பட்டன. உறைந்த உணவின் மீதிருந்த ஐயம் படிப்படியாக நீங்கியது.

செல்வம் சேர்ந்த பின்னரும் பேர்ட்சை ஓய்ந்திருக்கவில்லை. 1950களில் பெரு நாட்டிற்குச் சென்று, கரும்புச் சக்கையிலிருந்து காகிதக்கூழ் தயாரிக்கும் முறையை ஆராய்ந்தார். வீணாகும் பொருளுக்கும் பயனுண்டு என்பதில் அவர் உறுதியாக இருந்தார். 1956ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் அவர் மறைந்தார். அவரது அஸ்தி குளோசெஸ்டர் கடலில் தூவப்பட்டது.

காலப்போக்கில் அட்டையும் செல்லோபேனும் இருந்த இடத்தை நெகிழி பெருமளவில் பிடித்துக்கொண்டது. நெகிழி ஈரத்தை நன்கு தடுக்கிறது, விலையும் குறைவு. ஆனால், மீனைச் சில மாதங்கள் காக்கும் அவ்வுறை, கடலில் சேர்ந்தால் நெடுங்காலம் மட்காமல் மீன்களுக்கே கேடு விளைவிக்கிறது. ஆகவேதான், கடற்பாசி, இறால் ஓட்டிலிருந்து எடுக்கப்படும் கைட்டோசான், மரவள்ளி மாவு ஆகியவற்றைக் கொண்டு மட்கும் உறைகளையும் உண்ணத்தக்க உறைகளையும் ஆய்வாளர்கள் உருவாக்கி வருகின்றனர். இவை காற்றை ஓரளவு நன்கு தடுத்தாலும் ஈரத்தைத் தடுப்பதில் பின்தங்கியுள்ளன. அக்குறையைப் போக்க மெழுகையும் எண்ணெயையும் கலந்து பார்க்கின்றனர்.

பேர்ட்சை எதிர்கொண்ட அதே ஈரச் சிக்கல்தான் இன்றும் ஆய்வாளர்களுக்குச் சவாலாக உள்ளது. கடலும் மீனும் மரவள்ளியும் நிறைந்த ஜொகூரில் வளரும் இளையோருக்கு இச்சவால் தொலைவானதன்று. கூர்ந்து நோக்கும் கண்ணும் தோல்வியில் துவளாத மனமும் இருந்தால், மீனையும் கடலையும் ஒருசேரக் காக்கும் உறை நம் மண்ணிலிருந்தும் பிறக்கலாம்.