பழக்கம் வேறு, விசுவாசம் வேறு: தத்துவ போதகரின் வாழ்வு தரும் பாடம்



பட்டாசு ஆலையாகட்டும், அச்சகமாகட்டும், பள்ளிக்கூடமாகட்டும், ஏன், நம் பங்குப் பேரவையாகட்டும், வேலை செய்யும் இடங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. காலங்காலமாக இப்படித்தான் செய்கிறோம், இனிமேல் மாற்ற முடியாது என்பதே அது. வேறு வழியைச் சொல்பவர் குழப்பக்காரர் என்று பெயர் வாங்குகிறார். இதே மனநிலையைத் தம் மறைப்பணியில் எதிர்கொண்ட ஒருவர் நம் மதுரையில் வாழ்ந்தார். அவர்தாம் தத்துவ போதகர் என்று போற்றப்பட்ட இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி.

1577இல் இத்தாலியின் உயர்குடி ஒன்றில் பிறந்த நொபிலி, வீட்டாரின் எதிர்ப்பையும் மீறித் துறவு பூண்டு, 1605இல் கோவா வந்து சேர்ந்தார். முத்துக்குளித்துறையில் தமிழ் கற்றபின், 1606 நவம்பரில் நாயக்கர் ஆட்சியில் இருந்த மதுரைக்கு வந்தார். அங்கே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற குரு பதினொரு ஆண்டுகளாகப் பணியாற்றி வந்தார். அவர் சோம்பேறி அல்லர். பள்ளிக்கூடம் நடத்தினார், நோயாளருக்கு மருந்து கொடுத்தார், மதுரைக்கு வந்துபோன கடற்கரைக் கிறிஸ்தவர்களைக் கவனித்தார். ஆனால் மதுரை மக்களில் எவரும் திருமுழுக்குப் பெற முன்வரவில்லை.

நொபிலி காரணத்தைத் தேடினார். மக்கள் இயேசுவைக் கேட்டு மறுக்கவில்லை, அவர்கள் கேட்கும் முன்பே பரங்கியர் என்ற பெயர் குறுக்கே நின்றது. திருமுழுக்குப் பெற வருகிறவரிடம், பரங்கிக் குலத்தில் சேர விருப்பமா என்ற பொருளில் கேட்கும் வழக்கமே அன்று இருந்தது. திருப்பலிக்கு வழங்கிய போர்த்துக்கீசியச் சொல்லோ தமிழர் காதில் மீசை என்று விழுந்தது! ஐரோப்பியப் பழக்கத்தையும் நற்செய்தியையும் ஒன்றாக முடிச்சுப் போட்டதுதான் தடை என்று அவர் கண்டார்.

அந்த முடிச்சை அவிழ்க்கத் துணிந்தார். மேலதிகாரிகளின் அனுமதியோடு கறுப்பு அங்கியையும் தோல் காலணியையும் விட்டு, காவியும் பாதக்குறடும் அணிந்தார். மண் குடிசையில் வாழ்ந்து, சைவ உணவை ஒருவேளை மட்டும் உண்டார். தமிழோடு தெலுங்கும் வடமொழியும் கற்றார். ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம் முதலான நூல்களைத் தமிழில் எழுதினார். ஆனால் விசுவாச உண்மைகளில் ஒன்றையும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

எதிர்ப்பு முதலில் உடன் உழைத்தவரிடமிருந்தே வந்தது. 1610இல் பெர்னாண்டஸ் அடிகளார் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். குடுமியும் பூணூலும் சந்தனமும் பிற சமயத்தவை அல்லவா என்பது கேள்வி. 1619இல் கோவாவில் கூடிய ஆய்வு மன்றத்தில் பேராயர் உள்பட பெரும்பாலோர் நொபிலிக்கு எதிராக நின்றனர். அவர் கோபித்துக்கொண்டு வெளியேறவில்லை, தம் விருப்பப்படி தனிக்கடையும் விரிக்கவில்லை. காரணங்களை விரிவாக எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். 1623 ஜனவரியில் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி, மூடநம்பிக்கை கலவாத வரையில் அவ்வழக்கங்களை அனுமதித்தார்.

ஆனாலும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐரோப்பிய இறுக்கத்தை உடைத்த நொபிலி, சாதியை வெறும் சமூக வழக்கம் என்று எண்ணி ஏற்றுக்கொண்டார். உயர்குலத்தாருக்கென வாழ்ந்த குரு, ஒடுக்கப்பட்டோரோடு வெளிப்படையாகப் பழக முடியாத நிலை உண்டானது. 1640 முதல் பல்தசார் தெ கோஸ்தா போன்றோர் பண்டார சுவாமிகளாக எல்லாரையும் தேடிச் சென்றபோதுதான் அந்தச் சுவரில் ஒரு வாசல் திறந்தது. சுவர் இடிந்துவிடவில்லை, அதன் காயத்தை நம் திருச்சபை இன்றும் சுமக்கிறது. ஓர் இறுக்கத்தை வென்றவருக்குள்ளும் இன்னோர் இறுக்கம் ஒளிந்திருக்கலாம் என்பது நமக்கும் எச்சரிக்கை. முதுமையில் பார்வை மங்கிய நிலையிலும் நூல்பணி செய்த நொபிலி, 1656 ஜனவரியில் மயிலாப்பூரில் இறையடி சேர்ந்தார்.

எது மாறக்கூடாது, எது மாறலாம் என்று பிரித்தறிவதே இவ்வாழ்வின் பாடம். யோப்பாவில் கண்ட காட்சிக்குப் பிறகே பேதுரு கொர்னேலியுவின் வீட்டு வாசலை மிதித்தார். ஓய்வுநாள் மனிதருக்காக உண்டானது என்று காட்டிய ஆண்டவரும் இதையே கற்பித்தார்.

வெம்பக்கோட்டை வட்டாரத்தில் இது உயிர்ப் பிரச்சினை. ஓர் அறையில் இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான் என்ற விதி மனித உயிருக்காக உண்டானது. அதைக் கடைப்பிடிப்பது இறுகிய மனம் அல்ல. இத்தனை வருடம் ஒன்றும் ஆகவில்லையே என்று அதை மீறுவதுதான் இறுகிய மனம். 2021 பிப்ரவரியில் அச்சன்குளம் வெடிவிபத்தில் நாம் பறிகொடுத்த உயிர்களை எண்ணிப் பார்ப்போம். 2018இல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியத்துக்கும் தடை விதித்துப் பசுமைப் பட்டாசை மட்டும் அனுமதித்தபோது, பிழைப்பு போய்விடுமோ என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் அச்சத்தோடு நின்றுவிடாமல் புதிய கலவையைக் கற்றவர்களும் நம் நடுவில் உண்டு.

இந்த வாரம் நம்மையே கேட்டுக்கொள்வோம். என் பணியில் நான் காப்பது உண்மையையா, பழக்கத்தையா? கைப்பக்குவம் தெரிந்த ஒரு தொழிலாளி ஆபத்தைச் சுட்டிக்காட்டும்போது, அவர் படிக்காதவர் என்று ஒதுக்குகிறேனா? இளையவர் சொல்லும் யோசனையை முழுதாகக் கேட்கிறேனா? எதிர்ப்பு வரும்போது, நொபிலியைப் போல் பொறுமையோடு காரணம் சொல்கிறேனா?

இறைவா, எங்கள் உள்ளத்தில் கல்லாகிப் போனதை இளகச் செய்யும். எங்கள் கைகளின் வேலையால் எவர் உயிருக்கும் கேடு வராதபடி, கேட்கும் செவியையும் மாறும் துணிவையும் தாரும். ஆமென்.