பூனையின் இரைப்பையும் பேராசிரியர் கெனனும்

சாதாரண தரப் பரீட்சைக்குப் புறப்படும் காலையில் உம்மா அவித்து வைக்கும் இடியப்பம்கூடத் தொண்டைக்குள் இறங்க மறுக்கும். இறங்கினாலும் வயிற்றில் கல்லாகக் கிடக்கும். பயந்தாங்கொள்ளி என்று வீட்டில் கேலி செய்வார்கள். ஆனால் இது வெறும் கற்பனையல்ல. மனம் கலங்கும்போது சமிபாடு நின்றுபோவதைத் தம் கண்ணாலேயே கண்டவர் வோல்டர் பிராட்போர்ட் கெனன்.

1871 ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் பிரெய்ரி டு ஷீன் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். துப்பாக்கிச் சூட்டினால் ஒருவரது வயிற்றில் விழுந்த ஆறாத துவாரத்தின் வழியே இராணுவ வைத்தியர் போமொன்ட் சமிபாட்டை ஆராய்ந்தாரல்லவா? அந்த ஆய்வின் ஒரு பகுதி நடந்ததும் இதே ஊரில்தான். அந்த நோயாளி கோபப்படும்போது இரைப்பை மாறுவதை அவரும் குறித்து வைத்திருந்தார்.

கெனனுக்குப் பத்து வயதானபோது தாயார் மறைந்தார். உலகத்துக்கு நல்லவனாக இரு என்று மரணப் படுக்கையில் அவர் மகனிடம் கேட்டுக்கொண்டாராம். தந்தை ரயில்வே ஊழியர், கண்டிப்பானவர். படிப்பில் அக்கறையில்லை என்று கருதி, 14 வயது மகனைப் பாடசாலையிலிருந்து நிறுத்தி ரயில்வே அலுவலகத்தில் வேலைக்குச் சேர்த்துவிட்டார். இரண்டு ஆண்டுகள் அங்கே கழிந்தன. திரும்பி வந்த பையன் உயர்நிலைக் கல்வியை மூன்றே ஆண்டுகளில் முடித்து, 1892 இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் நுழைந்தான். வழிகாட்டியவர் ஓர் ஆசிரியை.

1895 இறுதியில் ரொஞ்சன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். மறு ஆண்டே, மருத்துவ பீடத்தின் முதலாண்டு மாணவராயிருந்த கெனனிடம் பேராசிரியர் பௌடிச் அந்தக் கதிரைக் கொண்டு விழுங்குதலை ஆராயும்படி சொன்னார். எலும்பு கதிரில் தெரியும், மென்மையான இரைப்பை தெரியாது. ஆகவே உணவோடு பிசுமத்து உப்பைக் கலந்து கொடுத்தார். உணவு செல்லும் பாதை திரையில் நிழலாக விழுந்தது. இன்று வைத்தியசாலைகளில் பேரியம் குடிக்கக் கொடுத்துப் படம் பிடிப்பதும் இதே வழியில்தான்.

பூனைகளை வைத்துப் பார்க்கையில் ஒரு சிக்கல் எழுந்தது. சில பூனைகளின் இரைப்பை அலையலையாகச் சுருங்கியது. சிலவற்றில் அசைவே இல்லை. கருவியில் பிழையென்று விட்டுவிட்டிருக்கலாம். அவர் விடவில்லை. கட்டிவைத்ததால் சினந்து திமிறிய பூனைகளிலேதான் அசைவு நின்றிருந்தது. தடவிக் கொடுத்து அமைதிப்படுத்தியதும் அலைகள் மீண்டும் தொடங்கின. எனக்கு அவருடைய வாழ்க்கையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

காரணத்தைத் தேடியே பல ஆண்டுகள் உழைத்தார். அச்சமும் கோபமும் வரும்போது அதிரினல் சுரப்பி அதிரினலினை இரத்தத்தில் விடுகிறது. குருதி குடலைவிட்டுத் தசைகளுக்குப் பாய்கிறது. ஈரல் வெல்லத்தை வெளிவிடுகிறது. ஓடவோ போராடவோ உடல் ஆயத்தமாகிறது. சமிபாடு பிறகு பார்க்கலாம் என ஒத்திவைக்கப்படுகிறது. அவரிடம் படித்த ஒருவர் மருத்துவ மாணவர் 9 பேரைச் சோதித்தார். கடினமான பரீட்சைக்குப் பின் 4 பேரின் சிறுநீரில் வெல்லம் காணப்பட்டது. இலகுவான பரீட்சைக்குப் பின் ஒருவரிடம் மட்டுமே. 1915 இல் இவற்றையெல்லாம் நூலாக்கினார்.

பசியையும் விடவில்லை. வொஷ்பர்ன் என்ற மாணவர் ரப்பர் குழாயின் நுனியிலிருந்த பலூனை விழுங்கி, பசி கிள்ளும் நேரங்களைக் குறித்தார். இரைப்பை சுருங்கும் வேளையும் அதுவாகவே இருந்தது. நோன்பு நாளில் அசர் நேரத்து வயிற்றை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உயிரியல் பாடத்தில் நாம் படிக்கும் ஒருசீர்த்திடநிலை என்ற கருத்துக்கு ஆங்கிலப் பெயர் சூட்டியவரும் அவரே. 1906 முதல் 1942 வரை ஹாவார்டில் உடற்றொழிலியல் துறையின் தலைவராக இருந்தார்.

ஆனால் அந்தத் திரையின் முன் நின்ற காலத்தில் கதிரின் தீங்கை எவரும் சரிவர அறிந்திருக்கவில்லை. காப்பு உடையும் இல்லை. பிற்காலத்தில் தோல்நோய் அவரை வாட்டியது, அது புற்றுநோயாயிற்று. இளமையில் பட்ட கதிர்களே காரணமென்று கருதப்பட்டது. தமது ஆய்வு வாழ்க்கையை நூலாக எழுதி முடித்து, அது வெளிவந்த 1945 ஆம் ஆண்டிலேயே ஒக்டோபர் முதலாந் திகதி காலமானார்.