விழியிழந்தார்க்குத் தொழில் வகுத்த பத்திராதிபர்

இலண்டன் மாநகரத்துப் பிளீற் வீதி நெடுங்காலம் பத்திரிகைத் தொழிலின் கோட்டையாய் விளங்கியது. ஆங்கே பொருளும் புகழும் ஈட்டிய பத்திராதிபர் பலர். அவருள் ஒருவர் சேர் ஆதர் பியர்சன். அவர் நடத்திய வார இதழ்களை இன்று தேடிப் படிப்பார் இலர். அவை அத்துணைப் பெருமை வாய்ந்தன என்று யானும் வாதிடேன். ஆயினும், தம் கண்ணொளி முற்றும் அவிந்தபின் அவர் செய்த பணியொன்று உண்டு. அதன் பொருட்டே அவர் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தேன்.

பியர்சன் 1866 ஆம் ஆண்டு பெப்ரவரி 24 ஆம் நாள், சமர்செற் பகுதியிலுள்ள வூக்கி என்னும் சிற்றூரில், கிறித்தவ குரு ஒருவரின் மைந்தராகப் பிறந்தார். வின்செஸ்ரர் கல்லூரியிற் பயின்றார். 1884 இல் ‘ரிற்-பிற்ஸ்’ என்னும் வார இதழ் ஒரு பொது அறிவுப் போட்டியை நடத்தியது. வென்றார்க்குப் பரிசு, அவ்விதழின் அலுவலகத்தில் ஓர் எழுதுவினைஞர் உத்தியோகம். வினாக்களுக்கு விடை தேடி இவ்விளைஞர் துவிச்சக்கர வண்டியிலே நெடுந்தூரம் ஓடி, பெட்போர்ட் நகர நூலகத்துக்குப் பலகாற் சென்று வந்தார். பரிசும் அவரையே சார்ந்தது. நூலகம் பக்கத்தில் இருந்தும் எட்டிப் பாராத என் மாணாக்கர்க்கு இந்நிகழ்ச்சியை யான் அடிக்கடி எடுத்துரைப்பதுண்டு. பயன் விளைந்ததோ அறியேன்.

ஓராண்டுக்குள் முகாமையாளரானார். 1890 இல் தம் பெயராலேயே ஒரு வார இதழைத் தொடங்கினார். 1892 இல், பட்டணத்து ஏழைச் சிறார் நாட்டுப்புறக் காற்றை ஒரு நாளாவது நுகரட்டும் என்று ஒரு நிதியை நிறுவினார். 1900 இல் ‘டெயிலி எக்ஸ்பிரஸ்’ நாளிதழ் பிறந்தது. விளம்பரங்களே முதற் பக்கத்தை நிறைத்திருந்த அக்காலத்தில், செய்தியை முதற் பக்கத்துக்குக் கொணர்ந்த துணிவு இதனுடையது. பின்னர் ‘ஸ்ராண்டட்’ போன்ற பழம்பெரும் நாளிதழ்களும் அவர் கைக்கு வந்தன.

இவ்வாறு ஏறிக்கொண்டிருந்தவரைக் குளுக்கோமா என்னும் கண்ணோய் பற்றியது. 1908 இல் நிகழ்ந்த சத்திரசிகிச்சை பயன்படவில்லை. 1910 முதலாகத் தம் பத்திரிகைகளை ஒவ்வொன்றாய்க் கைவிட்டார். ஐம்பது வயது நிரம்புமுன் ஒளி முற்றாக மறைந்தது. எழுத்தால் வாழ்ந்தவர் எழுத்தைக் காண இயலாதவரானார். விரல் நுனியாற் புள்ளிகளைத் தடவிப் படிக்கும் பிறெயில் முறையைக் குழந்தைபோல் முதலிலிருந்து கற்கத் தொடங்கினார். உடை அணிதல், உணவு கொள்ளல், வீட்டுக்குள் நடமாடல் ஆகிய அனைத்தையும் பிறர் கைப்பற்றாது செய்யப் பழகினார்.

1914 இல் விழியிழந்தோர்க்கான தேசிய நிறுவனத்தின் தலைவரானார். பத்திரிகை விற்ற திறமை இப்போது நன்கொடை திரட்ட உதவிற்று. எண்ணாயிரம் பவுணாக இருந்த அந்நிறுவனத்தின் ஆண்டு வருவாய் சில ஆண்டுகளில் 360,000 பவுணாயிற்று. அவ்வாண்டிலேயே முதலாம் உலகப் போர் மூண்டது. வெடிகுண்டாலும் நச்சுப் புகையாலும் கண்ணிழந்த இளைஞர் மருத்துவமனைகளில் வந்து நிரம்பினர். இருபது வயது நிரம்பாதவரும் அவருள் இருந்தனர்.

அக்காலத்து ஆங்கில நாட்டில் விழியிழந்தார் தொழில் என்று வரையறுக்கப்பட்டவை மிகச் சில. கூடை முடைதல், தூரிகை கட்டல், பாய் பின்னல், பியானோவுக்குச் சுருதி கூட்டல் என்று அவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். பலர் தனித்த தொழிற்சாலைகளில் அற்பக் கூலிக்கு உழைத்தனர். எஞ்சியோர் வீட்டு மூலையிலோ தெரு முனையிலோ முடங்கினர். போர்வீரர்க்கும் அதுவே கதியாதல் கூடாது என்று பியர்சன் கருதினார். 1915 இன் தொடக்கத்தில் ஒரு சிறு வீட்டிலே பயிற்சி தொடங்கியது. சில கிழமைகளில், ஓட்டோ கான் என்னும் அமெரிக்கச் செல்வர், றீஜன்ற் பூங்காவில் இருந்த தம் மாளிகையை வழங்கினார். அதன் பெயர் சென். டன்ஸ்ரன் இல்லம். பிளீற் வீதியிலுள்ள அப்பெயர்த் தேவாலயத்தின் பழைய மணிக்கூட்டை முன்னொரு பிரபு விலைக்கு வாங்கி அம்மாளிகையில் நிறுவியமையால் வந்த பெயர் அது. பிளீற் வீதியை விட்டு நீங்கிய பத்திராதிபருக்கு அவ்வீதியின் மணியோசையே ஆங்கும் துணையாயிற்று.

புதிதாக வரும் வீரனுக்கு அவர் முதலில் அளித்தது ஒரு கைக்கடிகாரம். முள்ளையும் புள்ளியையும் தொட்டு நேரம் அறியத்தக்கது அது. பகலா இரவா என்று பிறரை வினவும் நிலை அன்றே ஒழிந்தது. மாளிகைக்குள் நடக்கும் வழியெங்கும் விரிப்பு நீளமாகப் போடப்பட்டிருந்தது. காலாலேயே வழி தெரியும். இரக்கச் சொற்களை அங்கே எவரும் வாய்விடலாகாது. வீரர் படகு வலித்தனர், நடனமும் ஆடினர். பாட நேரம் குறைவு. முற்பகலிற் சில மணி, பிற்பகலிற் சில மணி. கட்புலனின்றிக் கற்பது மூளையை மிகக் களைக்கச் செய்யும் என்பதைத் தம் அனுபவத்தால் அவர் உணர்ந்திருந்தார். கற்பித்தவரிலும் விழியிழந்தார் பலர். தன்னைப் போல் இருளில் இருப்பவன் ஒருவன் உளியைக் கையாளுதலை அறிந்த மாணாக்கனுக்கு, என்னால் இயலாது என்று சொல்ல வாய் வருமோ? ஆசிரியத் தொழிலில் முப்பதாண்டு கழித்த எனக்கு, அவர் செய்த அனைத்திலும் இதுவே மேலான உபாயமாகத் தோன்றுகின்றது.

பிறெயில் படித்தலும் தட்டெழுத்தும் பெரும்பாலும் எல்லார்க்கும் பொது. தட்டெழுத்துப் பரீட்சையிற் சித்தியெய்தியவனுக்கு ஒரு தட்டெழுத்துப் பொறி பரிசாயிற்று. கைத்தொழில்களிலே கூடை, பாய் என்னும் பழையனவோடு தச்சு வேலை, சப்பாத்துத் திருத்தல், கோழி வளர்ப்பு என்பனவும் சேர்ந்தன. கோழியின் இனத்தைத் தொட்டே அறியப் பயின்றனர். இவற்றினும் புதுமையானவை, பார்வையுள்ளாரோடு ஒரே கூடத்தில் அமர்ந்து ஆற்றும் தொழில்கள். அலுவலகச் சுருக்கெழுத்தாளர் சிறு பொறியொன்றின் விசைகளை அழுத்தி, நீண்ட கடதாசி நாடாவிலே புள்ளிகளாகக் குறித்துக்கொள்வார். பின்பு அந்நாடாவை ஒரு கையால் தடவிப் படித்துத் தட்டெழுத்தில் ஆக்குவார். தொலைபேசி நிலையத்தில் அமர்ந்தவர் செவியையும் விரலையும் கொண்டே இணைப்புக் கொடுப்பார். உடல்பிடித்துச் சிகிச்சை செய்வோர் உடற்கூற்று நூலைப் பிறெயிலிற் கற்று, பார்வையுள்ளார் எழுதும் அதே பரீட்சையை எழுதினர். காயமுற்ற பிற வீரரின் கால்களையும் தோள்களையும் இயங்கச் செய்யும் பொருட்டு இராணுவ மருத்துவமனைகள் இவர்களை வேலைக்கு அமர்த்தின.

பயிற்சி முடித்து வெளியேறியவனை மறந்துவிடாமைக்கு ஒரு தனிப் பிரிவும் இருந்தது. மூலப்பொருளை மலிவாக வாங்கிக் கொடுத்தல், செய்பொருளின் தரத்தைச் சோதித்தல், அதனை விற்றுக் கொடுத்தல் ஆகியவை அதன் வேலை. தொழில் கற்பித்தலோடு கடமை முடிந்தது என்று எண்ணும் நிறுவனங்கள் இதனை நோக்குதல் வேண்டும்.

ஆயினும் ஒன்று சொல்லாது விடின் வரலாறு குறைவுபடும். போர்க்களத்திற் கண்ணிழந்தவனுக்கு நாட்டார் வாரி வழங்கினர். பிறவியிலோ நோயாலோ ஆலை விபத்தாலோ கண்ணிழந்த தொழிலாளிக்கு அவ்வாறு வழங்கினாரல்லர். 1920 ஏப்பிரலில் அத்தகைய தொழிலாளர் நியூபோர்ட், மஞ்செஸ்ரர், லீட்ஸ் முதலிய நகரங்களிலிருந்து இலண்டனுக்குக் கால்நடையாகவே சென்று, தருமம் வேண்டா, நீதியே வேண்டும் என்று முறையிட்டனர். அவ்வாண்டிலேயே சட்டமொன்று நிறைவேறியது. விழியிழந்தார் ஓய்வூதியம் பெறும் வயது எழுபதிலிருந்து ஐம்பதாயிற்று. பியர்சன் நன்கொடையை நம்பியவர். இவர்கள் உரிமையை நம்பினர். இரண்டனுள் நிலைத்த வழி தொழிலாளர் நடந்த வழியே என்பது என் கருத்து. ஆனால், விழியிழந்தவன் எதனைச் செய்ய வல்லவன் என்பதைக் கண்ணெதிரே காட்டியவர் பியர்சனே. அக்காட்சி இன்றேல் உரிமைக் குரலை மறுப்பது ஆள்வோர்க்கு எளிதாயிருக்கும்.

1921 டிசம்பர் 9 ஆம் நாட்காலை, குளியலறையில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டு, நீரில் மூழ்கி இறந்தார். வயது ஐம்பத்தைந்து. ஹம்ஸ்ரெட் மயானத்தில் அடக்கம் நிகழ்ந்தபோது, அவர்பாற் பயின்ற விழியிழந்த வீரர் பலர் உடன் சென்றனர்.

அவருக்குப்பின் நிறுவனத்தை ஏற்றவர் இயன் பிறேசர். 1916 இல் சொம் போர்க்களத்திற் பதினெட்டு வயதிற் கண்ணிழந்து, அவ்வில்லத்தில் மாணாக்கராகப் புகுந்தவர் அவர். தலைமை ஏற்றபோது வயது இருபத்துநான்கு. ஐம்பதாண்டுக்கு மேலாக அப்பொறுப்பைச் சுமந்தார். மற்றொரு மாணாக்கர், கலிப்போலியிற் கண்ணிழந்த நியூசிலாந்தர் கிளத்தா மக்கென்சி. அவர் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்தியாவுக்கு வந்து, தேராதூனில் விழியிழந்த இந்திய வீரர்க்குப் பயிற்சி நிலையம் நடத்தினார். பின்னர் யுனெஸ்கோ நிறுவனத்தின் பிறெயில் ஆலோசகராகி, நாட்டுக்கொரு வகையாய்ச் சிதறிக் கிடந்த புள்ளி எழுத்துக்களை ஒருமுகப்படுத்தும் முயற்சியில் ஈடுபட்டார். இந்திய மொழிகள் யாவற்றுக்கும் பொருந்திய பிறெயில் முறை 1951 அளவில் உருவாயிற்று. அகர முதலாய நம் எழுத்துக்களை இன்று தமிழ்ச் சிறார் விரலாற் படிப்பது அம்முறையிலேதான்.