மன்னார் கண்ட அண்டிரிக் அடிகளார்

மன்னார் என்றதும் திருக்கேதீச்சரமும் பாலாவித் தீர்த்தமும் நம் உள்ளத்தே முந்தி நிற்றல் இயல்பே. அக்கரையிலே வாழ்ந்து தமிழெழுத்துக்குத் தொண்டாற்றிய பிற சமயத்தார் ஒருவரையும் நாம் நினைத்தல் தகும். அவரே அண்டிரிக் அடிகளார் எனத் தமிழர் வழங்கும் என்றீக்கே என்றீக்கஸ் ஆவார்.

1520ஆம் ஆண்டளவில் போர்த்துக்கல் நாட்டு விலா விசோசா நகரிலே பிறந்தார். யூத மரபினர் என்பதனால் பிரான்சிஸ்கன் சபையில் நிலைக்க இயலாது போயிற்று. 1545இல் இயேசு சபையிற் சேர்ந்தார். மறு ஆண்டு கோவாவை அடைந்து, பின்னர் முத்துக்குளித்துறைக்கு வந்தார்.

அவர் பிறந்த ஐரோப்பாவிலே செபநூல் என்பது நெடுங்காலம் செல்வர் உடைமையாய் இருந்தது. பதனிட்ட தோலிலே கையால் எழுதி, முதலெழுத்துக்குப் பொற்றகடு பதித்து, ஓரமெங்கும் கொடியும் பூவும் பறவையும் வண்ணத்தால் தீட்டுவர். ஒரு நூலை முடிக்க மாதங்கள் பல செல்லும். அச்சுப் பரவிய பின்னரும் அக்கலை உடனே அற்றுப்போகவில்லை.

அடிகளார் வந்தடைந்த கரையிலோ பரதவர்க்கு மனப்பாடமே செபநூல். ஏடு என்பது எழுத்தாணி கீறிய பனையோலை. அதிலே பொன்னுமில்லை, வண்ணமுமில்லை. பிறர் வாய்மொழிபெயர்ப்பை நம்புதல் பிழைக்கு இடமாகும் எனக் கண்ட அவர், தாமே தமிழ் பயின்று, போர்த்துக்கேய மொழியில் தமிழிலக்கணமும் வரைந்தார்.

1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை அமைத்தனர். வடுகர் தொல்லைக்குள்ளான பரதவரைப் புன்னைக்காயலினின்று இங்கே குடியேற்றினர். அவர்களைப் பின்பற்றி அடிகளாரும் மன்னாரிலே தங்கிப் பணிபுரிந்தார். அதே போர்த்துக்கேயர் திருக்கேதீச்சரத்தை இடித்தமையை நாம் மறத்தல் இயலாது. எனினும் வாளேந்தியவரையும் எழுத்தாணி ஏந்தியவரையும் ஒரே தட்டில் வைத்தல் முறையன்று.

1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள், கொல்லத்திலே அவருடைய தம்பிரான் வணக்கம் அச்சேறியது. பதினாறே பக்கங்கள் கொண்ட அச்சிறுநூலே இந்திய மொழியொன்றின் எழுத்தால் இந்தியாவில் அச்சான முதல் நூல். முகப்பிலே மரச்செதுக்குப் படம் ஒன்றுண்டு. ஓலைச்சுவடி வழக்கை ஒட்டி மெய்யெழுத்துக்குப் புள்ளியும் இடப்படவில்லை. அச்சுப்பணிக்குப் பொருள் உதவியோர் பரதவரே. பொன்னேடு பிரபுவின் பேழையில் உறங்கிற்று; இவ்வெளிய ஏடோ ஏழையின் கைக்கு எட்டிற்று. 1579இல் கொச்சியில் கிரீசித்தியானி வணக்கமும், 1586இல் அடியார் வரலாறும் வெளிவந்தன.

1600ஆம் ஆண்டு அடிகளார் மறைந்தார். அவர் தமிழுக்குக் கொணர்ந்த அச்சுக்கலையையே பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நாவலர் பெருமான் கைக்கொண்டு, வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவிச் சைவம் வளர்த்தார். கருவி எவர் வழி வந்ததாயினும் அதனால் வளர்ந்தது தமிழே. அந்நன்றியை மறவாதிருத்தல் கற்றார்க்கு அழகாகும்.