அடைப்பைத் திறந்த நுண்குழாய்

கால் தமனிகளில் கொழுப்பு படிந்து அடைப்பு ஏற்பட்டால் பாதத்திற்குச் செல்லும் குருதி குறையும்; நடக்கும்போது வலிக்கும்; நோய் முற்றினால் விரல்கள் கறுத்து அழுகும். அந்நிலையை அடைந்தவர்களுக்கு அறுவை செய்து குருதிக்கு மாற்றுவழி அமைப்பர். அதுவும் இயலாதபோது காலையே அகற்றுவர். இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவது வழியைக் கண்டவர் சார்லஸ் டாட்டர்.

1920ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்த டாட்டர், தம் 32ஆம் வயதில் ஓரிகன் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் கதிரியல் துறைத் தலைவரானார். குருதிக்குழாயினுள் நுண்குழாயைச் செலுத்தி, அதன்வழி மருந்தேற்றி ஊடுகதிர்ப் படம் எடுப்பதில் அவர் வல்லவர். 1963இல் அவ்வாறு படம் எடுக்க முனைந்தபோது, அடைபட்டிருந்த இடுப்புத் தமனியை நுண்குழாய் தற்செயலாக ஊடுருவிச் சென்றது. நோயைக் காட்டும் கருவியே நோயைத் தீர்க்கவும் கூடும் என அவர் தெளிந்தார்.

அத்தெளிவைச் சோதிக்கும் வாய்ப்பு விரைவில் வந்தது. பாதம் அழுகிய 82 வயது மூதாட்டி ஒருவர், காலை அகற்ற இசைய மறுத்தார். அவரை டாட்டரிடம் அனுப்பினர். 1964 ஜனவரி 16 அன்று, தமனியினுள் மெல்லிய கம்பியைச் செலுத்தி, அதன்மேல் ஒன்றையடுத்து ஒன்றாகத் தடிமன் மிகுந்த குழாய்களை நுழைத்து, குறுகிய இடத்தை அவர் விரித்தார். சில நிமிடங்களில் குளிர்ந்த பாதம் வெதுவெதுப்பானது. முன்பே அழிந்துபோன மூன்று விரல்கள் உதிர்ந்தன, கால் நிலைத்தது. அம்மூதாட்டி அதன்பின் வாழ்ந்த இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகத் தம் இரு கால்களாலும் நடந்தார்.

அவ்வாண்டே உடன்பணியாற்றிய மெல்வின் ஜட்கின்ஸுடன் இணைந்து டாட்டர் தம் முறையை ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார். ஆயினும், அமெரிக்க அறுவை மருத்துவர் பலர் அவரை ஏளனம் செய்தனர். படம் மட்டும் எடுத்துத் தந்தால் போதும், சரிசெய்ய முயல வேண்டா என எழுதி அனுப்பியவரும் உண்டு. டாட்டர் சோர்வடையவில்லை.

ஐரோப்பிய மருத்துவர்கள் அம்முறையைக் கற்று வளர்த்தனர். அவர்களுள் ஒருவரான ஆந்திரியாஸ் குருன்ட்சிக், 1974இல் சூரிச் நகரில் நுண்குழாயின் முனையில் பலூன் பொருத்திக் கால் தமனியை விரித்தார். 1977இல் அதே முறையில் இதயத் தமனியின் அடைப்பையும் நீக்கினார். தம் நாட்டில் புறக்கணிக்கப்பட்ட வழி உலகெங்கும் பரவுவதைக் கண்டபின், 1985இல் டாட்டர் மறைந்தார். ஒரு மூதாட்டியின் காலைக் காக்கத் தொடங்கிய அவ்வழியில் இன்று எண்ணற்றோரின் கால்களும் இதயங்களும் காக்கப்படுகின்றன.