சொந்த வீட்டையும் படிப்புக்குக் கொடுத்த அழகப்பர்!

நெய்வேலி டவுன்ஷிப்பில் எந்த வட்டத்தில் வேண்டுமானாலும் நுழைந்து பாருங்கள். என்ஜினீயர் வீடு ஒன்றாவது இருக்கும். எங்கே படித்தீர்கள் சார் என்று கேட்டால் ஒருவர் கிண்டி என்பார். ஒருவர் சிதம்பரம் என்பார். ஒருவர் கோவை என்பார். காரைக்குடி என்று சொல்பவரும் இருப்பார். ஏ.சி. டெக் என்று சொல்பவரும் இருப்பார்.

கடைசி இரண்டு பேரும் ஒரே ஆளுக்குக் கடன்பட்டவர்கள். அந்த ஆள், வள்ளல் ஆர்.எம். அழகப்பச் செட்டியார்.

ஏ.சி. டெக் என்பதில் உள்ள ஏ.சி.யை ஏர்கண்டிஷன் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களும் உண்டு. அது அழகப்பச் செட்டியார் என்ற பெயரின் சுருக்கம்!

கோட்டையூர் பிள்ளை

காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூர். 1909-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந் தேதி அங்கே பிறந்தார். வசதியான நகரத்தார் குடும்பம். அந்தக் காலத்தில் செட்டிநாட்டுப் பையன் என்றால் கணக்கு எழுதக் கற்றுக்கொள்வான். மீசை முளைக்கும் முன்பே பர்மாவுக்கோ மலேயாவுக்கோ கப்பல் ஏறிவிடுவான். கொண்டுவிற்கப் போவது என்று அவர்கள் பேச்சில் சொல்வார்கள்.

இந்தப் பையன் அப்படிப் போகவில்லை. காரைக்குடியில் பள்ளிப் படிப்பு. பிறகு சென்னை மாநிலக் கல்லூரி. அங்கே ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பட்டம் வாங்கினார். நகரத்தார் சமூகத்தில் முதல் எம்.ஏ. இவர்தான் என்று சொல்வார்கள்.

அதோடு விட்டாரா? லண்டனுக்குப் போனார். பாரிஸ்டர் ஆனார். அங்கே சார்ட்டர்டு பாங்கில் வேலைப் பயிற்சி பெற்றார். போதாக்குறைக்கு விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டு வந்தார்!

பாரிஸ்டர் பட்டம் வாங்கியவர் கோர்ட்டுக்குப் போகவில்லை. வியாபாரத்தில் இறங்கினார். 1937-ல் கேரளத்தில் திருச்சூருக்குப் பக்கத்தில் துணி மில் ஆரம்பித்தார். அந்த இடத்துக்கே அழகப்பநகர் என்று பெயர் வந்துவிட்டது. மலேயாவில் ரப்பர். இன்னொரு பக்கம் இன்சூரன்ஸ், பங்கு மார்க்கெட். பிற்பாடு ஜூபிடர் ஏர்வேஸ் என்று விமானக் கம்பெனி கூட நடத்தினார். தொட்டது துலங்கிய காலம் அது.

1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் புகுந்தான். அங்கே பணமும் நிலமும் வைத்திருந்த செட்டியார்கள் நடந்தும் கப்பலிலுமாக ஊர் வந்து சேர்ந்தார்கள். கோடி கோடியாய் முதல் போட்டவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். பிறகு பர்மா சொத்து அவர்கள் கைக்குத் திரும்பவே இல்லை. அதற்குப் பிறகு பலர் இருப்பதை இறுக்கி முடிந்துகொண்டதில் ஆச்சரியம் இல்லை. அந்தச் சமயத்தில்தான் அழகப்பர் முடிச்சை அவிழ்த்தார்.

5 லட்சம்!

1944-ம் வருஷம். உலக யுத்தம் முடியவில்லை. சென்னை மாகாணத்தில் என்ஜினீயரிங் படிக்க நினைத்தால் கிண்டி ஒன்றுதான் கதி. இடமோ சொற்பம். ரசாயன என்ஜினீயரிங், நெசவுத் தொழில்நுட்பம் என்றெல்லாம் படிக்க இங்கே வழி அரிது. மில்லுக்கு யந்திரம் சீமையிலிருந்து வரும். அதைப் பழுது பார்க்க ஆளும் சீமையிலிருந்தே வரவேண்டும். மில் நடத்தியவருக்கு இந்தக் கஷ்டம் தெரியாமலா இருந்திருக்கும்?

சென்னைப் பல்கலைக்கழகத்திடம் 5 லட்சம் ரூபாயைக் கொடுத்தார். கிண்டியில் அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி பிறந்தது. ரசாயன என்ஜினீயரிங்கும் நெசவுத் தொழில்நுட்பமும் முதலில் வந்தன. தோல் தொழில்நுட்பம் பின்னால் சேர்ந்துகொண்டது. 1978-ல் அண்ணா பல்கலைக்கழகம் உருவானபோது அதில் இணைந்த கல்லூரிகளில் இதுவும் ஒன்று.

5 லட்சம் என்றால் இன்றைக்கு ஒரு நல்ல கார் கூட வராது. அன்றைக்கு ஒரு பவுன் விலை 100 ரூபாய்க்கும் கீழே. அதாவது 5,000 பவுனுக்கு மேல்! அத்தனையையும் ஒரே தடவையில் எடுத்து நீட்டியிருக்கிறார்.

ஐந்தில் ஒரு பங்கு

நம் பக்கத்துப் பணக்காரர்கள் கோயில் கட்டினார்கள், குளம் வெட்டினார்கள், சத்திரம் வைத்தார்கள். காலேஜ் கட்டவும் அவர்களுக்கு மனசு வந்தது. அண்ணாமலைச் செட்டியார் பணத்தில் 1929-ல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகமே வந்தது. 1945-ல் அங்கே என்ஜினீயரிங்கும் தொடங்கிவிட்டார்கள். நெய்வேலிப் பையன்களுக்கு அது பஸ் ஏறினால் போய்விடுகிற தூரம்.

கோவையில் நடந்தது இன்னும் விசேஷம். பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் பிள்ளைகள் நாலு பேர். 1926-ல் பாகப் பிரிவினை செய்தபோது சொத்தை நாலாகப் பிரிக்கவில்லை. ஐந்தாகப் பிரித்தார்கள். ஐந்தாவது பங்கு தர்மத்துக்கு! ரூபாய் 2 லட்சத்து 1,000. அதில் முளைத்ததுதான் பி.எஸ்.ஜி. அறநிலையம். 1951-ல் அங்கே என்ஜினீயரிங் காலேஜ் வந்தது. தர்மத்தையும் ஒரு பிள்ளையாக நினைத்துப் பங்கு வைத்த குடும்பம் வேறு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்!

குரோம்பேட்டையில் எம்.ஐ.டி.யை 1949-ல் ஆரம்பித்த சி. ராஜம், தன் பங்களாவையே விற்று அந்தப் பணத்தைப் போட்டார்.

எழுந்து நின்றார்

1947 ஜூலை 3. சென்னை விவேகானந்தா கல்லூரியில் அன்னி பெசன்ட் அம்மையார் நூற்றாண்டு விழா. பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் பேசினார். நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிறது, கல்லூரிகள் வேண்டும், பணக்காரர்கள் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

மேடையில் இப்படிக் கேட்பதும், கீழே உட்கார்ந்திருப்பவர்கள் கைதட்டிவிட்டுக் காப்பி சாப்பிடப் போவதும் வழக்கம். அன்று அழகப்பர் எழுந்தார். காரைக்குடியில் நான் ஒரு கல்லூரி ஆரம்பிக்கிறேன் என்று சபையில் வாக்குக் கொடுத்துவிட்டார்.

கட்டடம் இல்லை. ஆனாலும் சொன்ன நாற்பதாவது நாளுக்குள், அதாவது ஆகஸ்ட் 11-ந் தேதி, காரைக்குடி காந்தி மாளிகையில் வகுப்பு தொடங்கிவிட்டது. சுதந்திரத்துக்கு நாலு நாள் முந்தி! இன்றைக்கு ஒரு வீட்டுக்கு பிளான் அப்ரூவல் வாங்கவே எத்தனை மாசம் ஆகிறது என்பது கடைக்காரர்களுக்கும் குமாஸ்தாக்களுக்கும் நன்றாகத் தெரியும்.

வெள்ளைக்காரன் அவருக்கு சர் பட்டம் கொடுத்திருந்தான். சுதந்திரம் வந்ததும் அதைத் துறந்துவிட்டார்.

300 ஏக்கர்

அந்தச் சமயம் நேரு சர்க்கார் நாடெங்கும் விஞ்ஞானக் கூடங்கள் கட்டத் திட்டம் போட்டது. டெல்லிக்கு ஒன்று, புனாவுக்கு ஒன்று, கல்கத்தாவுக்கு ஒன்று என்று போய்க்கொண்டிருந்தது. காரைக்குடியை யார் நினைப்பார்கள்? வறண்ட பூமி. மழை பெய்தால் அதிசயம்.

அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் ரொக்கம் 15 லட்சமும் தருகிறேன் என்றார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வந்தது. 1948 ஜூலை 25-ந் தேதி நேருவே வந்து அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கல் நாளில், ஜனவரி 14-ந் தேதி, டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். பாட்டரி, முலாம் பூசுவது, இரும்பு துருப்பிடிப்பதைத் தடுப்பது எல்லாம் அங்கே ஆராய்ச்சி.

1952-ல் என்ஜினீயரிங் காலேஜ். இன்னும் பாலிடெக்னிக், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, உடற்பயிற்சிக் கல்லூரி என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தன. பொட்டல் காடு படிப்பு ஊராக மாறியது.

பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்க இடம் இல்லை என்ற பேச்சு வந்தது. கோட்டையூரில் இருந்த தன் சொந்த வீட்டைக் காலி செய்து விடுதிக்குக் கொடுத்துவிட்டார்! செட்டிநாட்டில் வீடு என்றால் சாதாரணம் இல்லை. பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு என்று இழைத்து இழைத்துக் கட்டுவார்கள். வீட்டை விற்பது என்றாலே மானம் போன மாதிரி நினைக்கிற சீமை அது.

இத்தனைக்கும் அவர் உடம்பு சுகமான ஆள் இல்லை. வெகுகாலமாக நோயோடுதான் இருந்தார். ஆஸ்பத்திரி, மருந்து என்று அலைந்துகொண்டேதான் இவ்வளவும் செய்தார். இருக்கிற நாளை எண்ணிப் பார்த்து அவசரப்பட்டாரோ என்று நமக்குத் தோன்றுகிறது.

ஃபீஸ் யார் கட்டுவது?

இங்கே ஒரு கேள்வி கேட்கலாம். காலேஜ் கட்டினால் போதுமா? ஏழைப் பையனுக்கு ஃபீஸ் யார் கட்டுவது?

நியாயமான கேள்விதான். எம்.ஐ.டி.யில் அப்துல் கலாமுக்கு இடம் கிடைத்தபோது சேருவதற்கு ஏறக்குறைய 1,000 ரூபாய் தேவைப்பட்டது. ராமேசுவரத்தில் இருந்த அப்பாவிடம் அவ்வளவு பணம் இல்லை. அக்காள்தான் கையில் கிடந்த வளையலையும் கழுத்துச் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். ஸ்காலர்ஷிப் வாங்கியாவது அக்காள் வளையலை மீட்க வேண்டும் என்று தம்பி வைராக்கியமாகப் படித்தார். பின்னால் அவர் ஜனாதிபதி ஆன கதை உங்களுக்குத் தெரியும். அடகு வைக்க வளையல் இல்லாத வீட்டுப் பையன்கள் என்ன ஆனார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

ஸ்காலர்ஷிப் வேண்டியதுதான். ஆனால் ஸ்காலர்ஷிப் இருந்தும் சேர இடம் இல்லாவிட்டால்? காரைக்குடிப் பையன் பட்டணத்துக்குப் போய் ரூம் எடுத்து, ஓட்டல் சாப்பாடு சாப்பிட்டுப் படிக்க முடியுமா? வீட்டில் கஞ்சி குடித்துவிட்டு சைக்கிளில் காலேஜுக்குப் போகலாம் என்றால் பாதிச் செலவு அங்கேயே மிச்சம். பக்கத்தில் காலேஜ் இருப்பதே ஒரு ஸ்காலர்ஷிப்தான் என்பது நம் கட்சி.

ஃபீஸ் விஷயத்துக்கு சர்க்கார் வழி செய்யப் பல வருஷம் பிடித்தது. வீட்டில் முதல் பட்டதாரி என்றால் கல்விக் கட்டணச் சலுகை என்று தமிழக அரசு 2010-ல் கொண்டு வந்தது. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு என்ஜினீயரிங் படிப்பில் 7.5 சதவீத இடம், ஃபீஸும் ஹாஸ்டல் செலவும் அரசாங்கமே கட்டும் என்பது 2021-ல் வந்தது.

தண்ணீரோடு மல்லுக்கட்டு

சரி, நெய்வேலிக்கு வருவோம். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு போட்டபோது கருப்பாக ஏதோ வந்தது என்பது இங்கே பேரன் பேத்திக்குச் சொல்லும் கதை. பூமிக்கு அடியில் பழுப்பு நிலக்கரி கிடக்கிறது என்று புவியியல் துறை துளை போட்டு உறுதி செய்தது. 1956 நவம்பர் 14-ந் தேதி கம்பெனி பதிவானது.

கரி இருக்கிறது. எடுப்பது எப்படி? மேலே இருக்கும் மண்ணும் மணல் பாறையும் சாமானியமாக உடைகிற சரக்கு அல்ல. ராட்சத யந்திரத்தின் பல்லையே தேய்த்துவிடும். அதைவிடப் பெரிய தொல்லை கரிக்குக் கீழே இருக்கும் தண்ணீர். அழுத்தத்தோடு மேலே முட்டிக்கொண்டு நிற்கிறது. ராத்திரி பகல் பாராமல் பம்பு வைத்து இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் சுரங்கம் குளமாகிவிடும்!

இதற்கெல்லாம் என்ஜினீயர் வேண்டும். ஒருவர் இருவர் போதாது, நூற்றுக்கணக்கில் வேண்டும். ரஷ்ய நிபுணர்கள் வந்தார்கள், வெளிநாட்டு யந்திரங்கள் வந்தன. ஆனால் ஷிப்டுக்கு ஷிப்டு நின்று வேலை பார்க்க நம் பிள்ளைகள்தான் வேண்டியிருந்தது. பத்து வருஷம் முந்தி இந்த ஆட்களைத் தேடியிருந்தால் எங்கே கிடைத்திருப்பார்கள்? கிண்டி ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? கோவையும் சிதம்பரமும் காரைக்குடியும் நல்ல வேளையாக அதற்குள் தயாராகிவிட்டிருந்தன.

45 நாள்

1956-ல் அழகப்பருக்கு பத்மபூஷண் பட்டம் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் ஏப்ரல் 5-ந் தேதி கண்ணை மூடிவிட்டார். மறுநாள் விடிந்திருந்தால் 48 வயது பூர்த்தி!

சரியாக 45 நாள் கழித்து, 1957 மே 20-ந் தேதி, காரைக்குடியில் அடிக்கல் நாட்டிய அதே நேரு நெய்வேலிக்கு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் கரி கண்ணில் பட்டது. 1962-ல் மின்சாரம் வந்தது.

காரைக்குடி என்ஜினீயரிங் காலேஜ் இன்று அரசுக் கல்லூரி. 1985-ல் அழகப்பர் பெயரிலேயே பல்கலைக்கழகமும் வந்துவிட்டது. கிண்டி ஏ.சி. டெக்கும் காரைக்குடிக் காலேஜும் இரண்டுமே கவுன்சலிங்கில் மார்க்குக்கு ஏற்றபடி கிடைக்கும். பிளஸ் டூ முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால், காலேஜ் பட்டியலில் இந்த இரண்டு பெயரையும் ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.