ஏலம் கேட்டவரின் வீடே ஏலத்துக்கு வந்தது!
ஓவிய மேதை ரெம்ப்ராண்டின் வாழ்க்கை

பூட்டிய அறை. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் அதை ஏலத்தில் எடுக்க ஒரு கூட்டம் முண்டியடிக்கிறது.

அமெரிக்காவில் வீட்டில் இடம் போதாதவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களை வாடகை அறைகளில் போட்டு வைப்பது வழக்கம். வாடகை பாக்கி நின்றுவிட்டால், அறையின் சொந்தக்காரர் பூட்டை வெட்டி, உள்ளே இருப்பதை அப்படியே ஏலம் விட்டுவிடுவார். ஏலம் கேட்க வந்தவர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்க்கலாம். உள்ளே கால் வைக்கக்கூடாது. பெட்டியைத் திறக்கக்கூடாது. 2010-ம் ஆண்டில் இதை 'ஸ்டோரேஜ் வார்ஸ்' என்ற பெயரில் தொலைக்காட்சித் தொடராகவே காட்டத் தொடங்கினார்கள். ஜனங்கள் ஆவலாக உட்கார்ந்து பார்த்தார்கள்.

பெட்டிக்குள் இருப்பது தங்கமா, தகரமா? இந்த ஆசை யாரைத்தான் விட்டது! ஆனால், பூட்டை வெட்டுகிறவரைத்தான் நாம் பார்க்கிறோம். பூட்டைப் போட்டவர் யார்? அவர் ஏன் திரும்பி வரவில்லை? அதை யார் கேட்கிறார்கள்?

இந்த இரண்டு பக்கத்தையும் ஒரே ஆயுளில் கண்டவர் ஒருவர் உண்டு. ஏலம் கேட்பதில் அவருக்கு அலாதிப் பிரியம். கடைசியில் அவர் வீட்டுச் சாமான்களே ஏலத்துக்கு வந்தன. அவர்தான் ஹாலந்து நாட்டு ஓவியர் ரெம்ப்ராண்ட்.

ஏழைப் பையன் அல்ல

ரெம்ப்ராண்ட் 1606-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி லெய்டன் நகரில் பிறந்தார். தந்தை காற்றாலை வைத்துத் தானியம் அரைத்துக் கொடுப்பவர். சோற்றுக்குக் கஷ்டம் இல்லாத குடும்பம். பையனுக்குப் படிப்பை விடச் சித்திரத்தில்தான் நாட்டம்.

25 வயதில் ஆம்ஸ்டர்டாம் நகருக்குப் போனார். அப்போது அது உலகத்துக் கப்பல்கள் எல்லாம் வந்து சேரும் பணக்கார நகரம். அங்கே அவர் புகழ் மளமளவென்று உயர்ந்தது. பெரிய மனிதர்கள் தங்கள் உருவத்தை வரையச் சொல்லி வரிசையில் நின்றார்கள். 1634-ல் சாஸ்கியா என்ற பணக்காரப் பெண்ணை மணந்தார்.

கையில் பணம். வீட்டில் அன்பான மனைவி. இனி என்ன குறை?

ஏல மோகம்

ஆம்ஸ்டர்டாமில் அடிக்கடி ஏலம் நடக்கும். ரெம்ப்ராண்ட் அங்கே ஆஜராகிவிடுவார். அவர் ஏலம் கேட்கும் விதமே தனி. மற்றவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். அவரோ எடுத்த எடுப்பிலேயே பெரிய தொகையைச் சொல்லி விடுவாராம். மற்றவர்கள் வாயடைத்துப் போவார்கள். ஓவியத் தொழிலுக்கு மதிப்பு உயர வேண்டும் என்றே அவர் அப்படிச் செய்தார் என்று, அவர் இறந்து 17 ஆண்டுகளுக்குப் பின் வெளிவந்த வரலாற்று நூல் ஒன்று சொல்கிறது.

படங்கள் மட்டுமா வாங்கினார்? சங்கு, பவளம், வாள், ஈட்டி, ஜப்பானியத் தலைக்கவசம், ரோமாபுரிச் சக்கரவர்த்திகளின் சிலைகள், சிங்கத்தின் தோல் வரை வாங்கிக் குவித்தார். இது வெறும் பேராசை அல்ல. பழைய கவசத்தை ஒருவருக்கு மாட்டிவிட்டு வரைவார். பட்டு அங்கியை இன்னொருவருக்குப் போர்த்தி வரைவார். வாங்கிய சாமான்கள் சித்திரமாக மாறின.

நம் நாட்டு மொகலாயச் சித்திரங்களும் அவர் கண்ணில் பட்டன. ஜஹாங்கீர், ஷாஜஹான் முதலிய பாதுஷாக்களின் உருவங்களைப் பார்த்து அவர் வரைந்த படங்களில் 20-க்கு மேற்பட்டவை இன்றும் இருக்கின்றன.

சொத்தைக் கரைக்கிறார்கள் என்று சாஸ்கியாவின் உறவினர்கள் தூற்றினார்கள். ரெம்ப்ராண்டுக்குக் கோபம் வந்தது. 1638-ல் அவர்கள் மேல் வழக்குத் தொடுத்தார். வழக்கு நிற்கவில்லை.

கடனில் வாங்கிய மாளிகை

மறுவருஷம், 1639-ல், 13,000 கில்டர் விலைக்கு ஒரு பெரிய வீடு வாங்கினார். ஒரு தொழிலாளி வருஷம் முழுவதும் உழைத்தால் அந்த நாளில் சுமார் 300 கில்டர்தான் கிடைக்கும். முழுப் பணமும் கையில் இல்லை. தவணையில் கட்டுவதாக ஒப்புக் கொண்டார். வருமானம்தான் வருகிறதே என்ற தைரியம்!

விதி வேறு விதமாக இருந்தது. பிறந்த குழந்தைகள் மூன்று, ஒன்றன்பின் ஒன்றாக இறந்தன. நான்காவதாக 1641-ல் பிறந்த டைட்டஸ் மட்டும் பிழைத்தான். மறுவருஷமே சாஸ்கியா கண்ணை மூடினாள். 'இரவுக் காவல்' என்ற உலகப் புகழ் பெற்ற ஓவியத்தை அவர் முடித்ததும் அதே 1642-ல்தான்.

பிறகு ஹென்ட்ரிக்கே என்ற பெண் அவருக்குத் துணையாக வந்தாள். வீட்டுக் கடனோ தீரவில்லை. வட்டி குட்டி போட்டது. 1652-ல் இங்கிலாந்துடன் யுத்தம் மூண்டது. வியாபாரம் படுத்தது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கினார். அப்போதும் சாமான் வாங்குவது நிற்கவில்லை.

ஒரு தரம், இரண்டு தரம்...

1656-ல், 50-வது வயதில், ரெம்ப்ராண்ட் கையை விரித்து விட்டார். நம் ஊரில் மஞ்சள் கடுதாசி கொடுப்பது என்பார்களே, அதேதான்.

அதிகாரிகள் வந்தார்கள். அறை அறையாகப் போய்ப் பட்டியல் எழுதினார்கள். மொத்தம் 363 இனங்கள். ஓவியம், சிலை, நாற்காலி, சட்டி பானை எதுவும் தப்பவில்லை. சலவைக்குப் போயிருந்த சட்டைகளும் கைக்குட்டைகளும்கூடப் பட்டியலில் ஏறின!

ஒரு விடுதியில் ஏலம் நடந்தது. ரெம்ப்ராண்ட் அள்ளிக் கொடுத்து வாங்கியவை அடிமாட்டு விலைக்குப் போயின. அவர் சேர்த்து வைத்த தாள் சித்திரங்களும், அவரே வரைந்தவையும் 1658-ல் சுமார் 600 கில்டருக்கு விற்றுப் போயின. இன்று அவர் கைப்பட்ட ஒரு தாளைக்கூட அருங்காட்சியகங்கள் கண்ணாடிக்குள் வைத்துக் காக்கின்றன. அன்று எடுத்தவர்களுக்கு அது புதையல். இழந்தவருக்கோ அது வாழ்க்கை.

வீடும் அதே ஆண்டில் 11,218 கில்டருக்குப் போயிற்று. கடன் முழுவதும் அடையவில்லை.

கை மட்டும் மிஞ்சியது

குடும்பம் சிறிய வாடகை வீட்டுக்குக் குடி போயிற்று. ரெம்ப்ராண்ட் படம் விற்றால் கடன்காரர்கள் பிடுங்கி விடுவார்களே! 1660-ல் ஹென்ட்ரிக்கேயும் டைட்டஸும் சேர்ந்து தங்கள் பெயரில் ஒரு வியாபாரம் தொடங்கினார்கள். அதில் மேதை ரெம்ப்ராண்ட் ஒரு வேலையாள்! சோறும் தங்க இடமும்தான் கூலி.

1662-ல் சாஸ்கியாவைப் புதைத்த கல்லறை இடத்தையும் விற்க வேண்டி வந்தது. மறுவருஷம் ஹென்ட்ரிக்கே இறந்தாள். 1668-ல், கல்யாணமான சில மாதங்களில், ஒரே மகன் டைட்டஸும் போய்விட்டான்.

ஆனால் தூரிகையை அவர் கீழே வைக்கவில்லை. ஜவுளித் தரம் பார்க்கும் அதிகாரிகளின் ஓவியத்தையும், 'யூத மணமகள்' என்ற ஓவியத்தையும் தீட்டியது இந்தத் துன்பக் காலத்தில்தான். ஏலத்தில் எல்லாம் போயிற்று. கைத்திறனை யார் ஏலம் விட முடியும்?

1669 அக்டோபர் 4-ந் தேதி, 63-வது வயதில் ரெம்ப்ராண்ட் காலமானார். வாடகைக் கல்லறையில் புதைத்தார்கள். பெயர் பொறித்த கல்கூட இல்லை.

அவர் இழந்த வீடு 1911-ல் அருங்காட்சியகமாயிற்று. எந்த அறையில் என்ன இருந்தது என்று அங்கே அழகாகக் காட்டியிருக்கிறார்கள். எப்படித் தெரிந்தது? கடன்காரர்களுக்காக அன்று அதிகாரிகள் எழுதிய பட்டியல்தான் உதவியது!

பூட்டு உடையும்போது பெட்டிக்குள் என்ன என்று பார்க்க யாருக்கும் ஆசை வரும். அதில் தப்பில்லை. அதோடு, பூட்டியவரையும் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்ப்போம். அதுவும் ஒரு குடும்பம் வாழ்ந்த வாழ்க்கைதான்.